முதற்பாகம் இல்லாத இரண்டாம் பாகம்

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருப்பதன் சாரம் இது. அவரும் நண்பர்கள் ஐவருமாகச் சேர்ந்து ஐம்பது நிமிடம் ஓடக்கூடிய ஒரு பேய்ப்படம் எடுக்கப் போகிறார்கள். கையில் இருப்பவை ஒரு கமெரா, இரவல் வாங்கிய இரண்டு விளக்குகள், ஊர் எல்லையில் ஆளில்லாமல் கிடக்கும் ஒரு வீடு. எல்லாரும் அறிந்த ஒரு தமிழ்ப் பேய்ப்படத்தின் பெயரை எடுத்துப் பின்னால் 2 என்று போட்டுவிட்டால் யூரியூப்பில் பார்ப்பவர்கள் கூடுவார்கள் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். அது ஏமாற்று என்று மற்றொருவர் மறுக்கிறார். 'பீட்சா'வுக்கும் 'பீட்சா 2: வில்லா'வுக்கும் கதையில் ஒரு தொடர்பும் இல்லையே, அவர்கள் செய்தால் சரி, நாங்கள் செய்தால் பிழையா என்பதுதான் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தொடர்பில்லாத படத்துக்கு இலக்கம் போடும் வழக்கம் யாருக்காக ஏற்பட்டது என்பது ஒன்று. உங்கள் படத்துக்கு அது உதவுமா என்பது மற்றது. முதலாவதற்கு நான் கண்ட ஒரு சம்பவத்திலிருந்தே பதில் சொல்லலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, முத்தையன்கட்டுப் பக்கத்தில் டெக், அதாவது வீடியோக் கசற் போட்டுப் படம் காட்டும் கருவி, வாடகைக்கு விடும் ஒருவரோடு உதவியாளாகத் திரிந்தேன். சாமத்தியவீடு, கலியாணவீடு என்று யாராவது படம் போடக் கேட்டால், தொலைக்காட்சிப் பெட்டியைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, ஜெனரேற்றரோடு லான்ட்மாஸ்ரர் என்ற இரு சில்லு உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போவோம். முற்றத்தில் தறப்பாள் விரித்து, விடிய விடிய மூன்று படங்கள். என் கையெழுத்து நன்றாக இருந்தபடியால் கசற்றின் முதுகில் ஒட்டும் சிறு தாளில் படத்தின் பெயரை எழுதுவது என் வேலை. ஒருநாள் முதலாளி, தலைப்புப் பகுதி அறுந்துபோன ஒரு மலையாளப் பேய்ப்படத்தை என்னிடம் நீட்டி, முந்திய மாதம் நாலு ஊரைக் கலக்கிய வேறொரு பேய்ப்படத்தின் பெயரைச் சொல்லி, "இரண்டாம் பாகம் எண்டு எழுது" என்றார். எழுதினேன். அன்றிரவு முற்றம் கொள்ளாத சனம். சாமம் தாண்டிப் படம் பாதி ஓடிய பிறகு, முன்னால் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி திரும்பி, "தம்பி, போனமுறை கிணத்துக்கை விழுந்த பெட்டை எப்ப வருவாள்?" என்று கேட்டார். முதலாளி ஜெனரேற்றருக்கு எண்ணெய் விடும் சாக்கில் எழுந்து போய்விட்டார். நான் "இனித்தான் வருவா, ஆச்சி" என்றேன். அவர் உரலை மடியில் வைத்தபடி விடியும்வரை உறங்காமல் இருந்தார்.

அந்த "இரண்டாம் பாகம்" ஆச்சிக்காக எழுதப்பட்டதல்ல. எந்தக் கசற்றை எடுப்பது என்று தெரியாமல் நின்ற கலியாணவீட்டுக்காரருக்காக எழுதப்பட்டது. அவர் கேட்டது படத்தின் கதையை அல்ல; சனம் வருமா என்பதைத்தான். உலகம் முழுவதும் இந்த இலக்கத்தின் தொழில் இவ்வளவுதான்: படத்தைப் பார்க்காமலே வாங்க வேண்டியவருக்கு, அது வேறொரு படத்தைப் போல் ஓடும் என்று சொல்லும் உத்தரவாதம். தெரிந்த நடிகரும் இல்லாமல், விளம்பரத்துக்குக் காசும் இல்லாமல் எடுக்கப்படும் பேய்ப்படங்களின் முதுகில் இது அடிக்கடி ஏறிக்கொள்வதில் வியப்பில்லை.

இந்தக் கலையில் இத்தாலியர்களை மிஞ்ச ஆளில்லை. ஜோர்ஜ் ரொமேரோ 1978இல் எடுத்த, நடைப்பிணங்களைப் பற்றிய அமெரிக்கப் படம் இத்தாலியில் 'சொம்பி' என்ற பெயரில் வெளியானது. அடுத்த ஆண்டே லூச்சியோ ஃபுல்ச்சி இயக்கிய வேறொரு படம் 'சொம்பி 2' என்று வந்தது. இரண்டுக்கும் கதையாலும் ஆட்களாலும் உறவு இல்லை. கவனிக்க வேண்டியது, அதே படம் அமெரிக்காவுக்குப் போனபோது அந்த 2 உதிர்ந்துவிட்டது. அங்கே முதற்படத்தை யாரும் 'சொம்பி' என்று அறிந்திருக்கவில்லை. ஆகவே இலக்கம் படத்தின் உறுப்பு அல்ல, அந்தந்தச் சந்தையில் ஒட்டப்படும் சீட்டு. நம்முடைய பக்கத்திலும் இதைக் காணலாம். சுந்தர் சி. இயக்கிய 'அரண்மனை' 2014இல் தெலுங்குக்குப் போனபோது 'சந்திரகலா' ஆயிற்று. 2016இல் வந்த 'அரண்மனை 2' அங்கே 'கலாவதி' ஆயிற்று. தமிழில் அண்ணனும் தம்பியுமாக நின்ற படங்கள் தெலுங்கில் ஒன்றையொன்று தெரியாதவை போல் நிற்கின்றன.

இன்னும் வேடிக்கையானது 'லா காசா' என்ற வரிசை. அச்சொல்லுக்கு 'வீடு' என்று பொருள். சாம் ரைமி 1981இல் சிறு முதலீட்டில் எடுத்த 'தி ஈவில் டெட்' இத்தாலியில் அந்தப் பெயரில் வந்தது. அதன் உண்மையான தொடர்ச்சி 'லா காசா 2' ஆனது. அதன்பின் ஒரு இத்தாலியத் தயாரிப்பு நிறுவனம் தன் சொந்தப் பேய்வீட்டுப் படங்களுக்கு 3, 4, 5 என்று இலக்கம் போட்டுக்கொண்டே போனது. ரைமிக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1990இல் வந்தது 'லா காசா 5'. அதற்குப் பிறகு, 1987இல் அமெரிக்காவில் வெளியாகி, அங்கே தன் சொந்த முதற்படத்துக்கு நேர்மையாக இரண்டாம் பாகமாக இருந்த 'ஹவுஸ் 2' என்ற படத்தைப் பிடித்து, அதன் இரண்டை அழித்து 'லா காசா 6' ஆக்கிவிட்டார்கள். மூத்தது இளையதற்குத் தம்பியாயிற்று. நான் கசற்றில் எழுதிய பொய் இதற்கு முன்னால் எம்மாத்திரம் என்று இதை அறிந்தபோது ஒரு சிறு ஆறுதல் உண்டானது.

இந்த வழக்கத்தின் உச்சியில் நிற்பது 1990இல் வந்த 'ட்ரோல் 2'. கிளவுதியோ ஃபிரகாசோ என்ற இத்தாலியர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரும்பாலும் அந்த வட்டாரத்து ஆட்களை வைத்து இதை எடுத்தார். படம் எடுக்கப்பட்டபோது அதன் பெயர் 'கொப்ளின்ஸ்'. 1986இல் வந்த 'ட்ரோல்' என்ற படத்தின் பெயரால் விற்கலாம் என்று பிறகு தலைப்பை மாற்றினார்கள். விளைவு, 'ட்ரோல் 2' என்ற படத்தில் ட்ரோல் என்ற பூதம் ஒன்றுகூட இல்லை. வருபவை கொப்ளின் என்ற குட்டிப் பூதங்கள். அவை மரக்கறி மட்டும் தின்பவை என்பதால் மனிதரைப் பச்சைச் சாறாக்கி, செடியாக்கித் தின்கின்றன. ஒரு காட்சியில், பூதங்களின் ஊரில் படைக்கப்பட்ட உணவைக் குடும்பத்தார் உண்ணாமல் தடுக்க, இறந்துபோன தாத்தாவின் ஆவி நேரத்தை உறையவைத்துப் பேரனுக்குச் சில விநாடிகள் கொடுக்கிறது; வேறு வழி தெரியாத சிறுவன் மேசையில் ஏறி உணவின்மேல் சிறுநீர் கழித்துவிடுகிறான். இதை இயக்குநர் சிரிப்புக்காக எடுக்கவில்லை. அந்தச் சிறுவனாக நடித்த மைக்கேல் ஸ்டீவன்சன் வளர்ந்து, இந்தப் படம் எவ்வளவு மோசமானது என்பதையும் அதைச் சனங்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதையும் பற்றி 2009இல் ஒரு ஆவணப்படமே எடுத்தார். இன்று 'ட்ரோல் 2'ஐப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் 'ட்ரோல்' பார்த்திருப்பார்கள்? கடன் வாங்கிய பெயர் கடன் கொடுத்தவரைவிடப் பெரிதாகிவிட்டது. ஆனால் அது தற்செயல். இதை வைத்து உங்கள் நண்பர் வாதாடக் கூடாது.

இனி 'பீட்சா'. கார்த்திக் சுப்பராஜின் முதற்படமாக 2012 ஒக்ரோபரில் வந்தது. சிறு முதலீட்டில் எடுத்த படம். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் மைக்கேல் ஒரு பங்களாவுக்குள் சிக்கிக்கொள்ளும் பகுதி எல்லாருக்கும் நினைவிருக்கும்: கையில் ஒரு ரோர்ச் லைற், அதன் வட்டத்துக்கு வெளியே எல்லாம் இருட்டு. ரோர்ச் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கந்தான் படம். மிச்சத்தை நம் பயம் நிரப்பிக்கொள்ளும். காசில்லாதவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது, தலைப்பில் அல்ல. முடிவில் தெரியவருவது, அந்தப் பங்களாக் கதை முழுவதும் மைக்கேல் தன் முதலாளியை நம்பவைக்கக் கட்டிய பொய் என்பது. அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த 'வில்லா'வை தீபன் சக்கரவர்த்தி இயக்கினார். தகப்பன் விட்டுப்போன புதுச்சேரி வீட்டில், தன் வாழ்வில் நடந்தவற்றையும் நடக்கப் போகிறவற்றையும் காட்டும் ஓவியங்களை ஓர் எழுத்தாளன் கண்டுபிடிக்கும் கதை அது. ஆட்கள் வேறு, வீடு வேறு, பேய் என்று எதைச் சொல்கிறோம் என்பதுகூட வேறு.

ஆனால் ஒன்று பொது. இரண்டையும் தயாரித்தவர் சி.வி. குமார். பெயர் அவர் வீட்டுச் சொத்து. அதை எந்தப் பிள்ளைக்கு வைப்பது என்பது அவருடைய உரிமை. 2023இல் மூன்றாவதாக வந்த 'பீட்சா 3: தி மம்மி'யும் அவருடைய தயாரிப்பே. இங்கே இலக்கம் சொல்வது, அதே கதை தொடரும் என்பதையல்ல. ஒரு வீடு, ஒரு சிறு குழு, முடிவில் ஒரு திருப்பம் என்ற அதே வகைச் சமையல் கிடைக்கும் என்பதையே. அதில் 'வில்லா' முற்றாகத் தவறவில்லை என்பது என் கருத்து; கதையை எதிர்பார்த்துப் போனவர்களுக்குத்தான் அது கசந்தது. கனடாவில் 1987இல் வந்த 'ஹலோ மேரி லூ: ப்ரொம் நைட் 2' என்ற படத்துக்கும் இதே வரலாறு. வேறு பெயரில் தனிக் கதையாக எடுக்கப்பட்டு, பிறகு இரண்டாம் பாகமாக்கப்பட்டது. முதலாவதில் முகமூடிக் கொலைகாரன், இரண்டாவதில் 1957இல் எரிந்து இறந்த பெண்ணின் ஆவி. பாடசாலையின் பெயர் மட்டும் ஒன்று.

ராகவா லோரன்ஸின் வரிசையில் இலக்கமே குழம்பிக் கிடக்கிறது. 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா', முனியின் இரண்டாம் பாகம் என்ற அடையாளத்தோடு. அந்தப் பேய் முன்னையதைவிடப் பெயர் எடுத்துவிட்டதால் 2015இல் வந்தது 'முனி 3' என்று விற்கப்படாமல் 'காஞ்சனா 2' ஆயிற்று. ஒரே படம் ஒரு கணக்கில் இரண்டாவது, மற்றக் கணக்கில் மூன்றாவது. பேய்க்குப் பயந்தவன் உடம்பில் பேய் புகும் என்ற அச்சு மட்டும் மாறவில்லை. சனம் அந்த அச்சைத்தான் கேட்டது, கொடுத்தார்கள், ஒருவரும் முறையிடவில்லை.

உங்கள் நிலைமை இவை எதிலும் அடங்காது. அந்தப் பெயர் உங்களுடையது அல்ல. சட்டத்தில் ஒரு தலைப்பை மட்டும் பதிப்புரிமையால் காப்பது பொதுவாகக் கடினம் என்பது உண்மை. ஆனால் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிப்புரிமையோடு நிற்பதில்லை. ஒருவருடைய தொழிலை இன்னொருவருடையது என்று மக்கள் மயங்கும்படி நடந்துகொள்வதை நேர்மையற்ற போட்டி என்று அதே சட்டம் சொல்கிறது. வணிகக் குறியாகப் பதிந்த பெயரானால் சிக்கல் இன்னும் கூடும். இதைவிட அண்மையில் நிற்கும் ஆபத்து வேறு. பெயரை எடுப்பவர் பெயரோடு நிற்பதில்லை. சுவரொட்டியில் அதே எழுத்துரு, முன்னோட்டத்தில் அதே இசை என்று கை நீளும். யூரியூப்பின் தானியங்கி ஒப்பீடு ஒலியையும் காட்சியையும் பிடிக்கும். பத்து விநாடி இசைக்காக ஐம்பது நிமிடப் படம் முடங்குவது நடக்கக்கூடியதே.

சட்டத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, கதையாக யோசித்தாலும் அந்த 2 உங்களுக்கு வேண்டாதது என்றே நினைக்கிறேன். பேய்க்கதை எதுவானாலும் அது ஏற்கெனவே இரண்டாம் பாகந்தான். இறந்தவர் வாழ்ந்த வாழ்வு முதற்பாகம். அதில் தீராமல் விடுபட்ட ஒன்று மீண்டும் வருவதைத்தான் பேய் என்கிறோம். படம் தொடங்கும்போதே பார்ப்பவர் தேடிக்கொண்டிருப்பது அந்த முதற்பாகத்தை: இது யார், என்ன நடந்தது, என்ன வேண்டும். நன்றாக எடுத்த பேய்ப்படம் அந்தக் காணாத பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறது. வேறொருவருடைய படத்தின் 2ஐப் போட்டால், உங்கள் பேய்க்குரிய அந்த வெற்றிடத்தை இன்னொரு பேய் வந்து நிரப்பிவிடும். ஆச்சி அந்த மலையாளப் படத்துப் பேயைப் பார்க்கவே இல்லை. கிணற்றில் விழுந்த பெண்ணைப் பார்க்கக் காத்திருந்தார்.

தொடர்ச்சி எழுதுவது தமிழுக்குப் புதிதுமல்ல. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்துக்குப் பின், கோவலன் மகளின் கதையைச் சாத்தனார் மணிமேகலையாகப் பாடினார். புலவர் வேறு, சமய நோக்கு வேறு, கதை நடக்கும் திசைகூட வேறு; ஆனாலும் தாயின் கதை தீராமல் விட்டதை மகள் எடுத்துச் செல்வதால் இரண்டையும் இரட்டைக் காப்பியம் என்கிறோம். நம் வன்னியில் இன்னும் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. இதைப் பட வியாபாரத்தோடு ஒப்பிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். தொடர்ச்சி என்றால் என்ன என்று காட்டவே சொல்கிறேன். மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் ஈழத்துக்கு வந்து, பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளையாகி வற்றாப்பளை ஆயிற்று என்பது ஐதீகம். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்கள் ஒரு மூதாட்டியைக் கண்டு பொங்கிப் படைக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை விட்டு எரிக்கச் சொல்கிறாள், எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது அவர்கள் காண்பது ஆயிரம் கண்கள். வைகாசிப் பொங்கலில் இன்றும் உப்புநீரில் விளக்கெரிகிறது. மதுரையில் எரித்த நெருப்பு இங்கே விளக்காக எரிகிறது. முதற்பாகத்தை ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமலே அது நம்மோடு வந்துவிடுகிறது. இதற்கு யாரும் இலக்கம் போடவில்லை.

பெயர் வேண்டுமென்றால் இடப்பெயர் வையுங்கள். இதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் அமிற்றிவில் என்ற ஊரில் 1974 நவம்பரில் ஒரு குடும்பத்தில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள் 28 நாட்களில் வெளியேறி, பேய்க்கதை சொன்னார்கள். அது புத்தகமாகி, 1979இல் படமாயிற்று. ஊர்ப்பெயர் எவருடைய தனிச் சொத்துமல்ல என்பதால், அதன்பின் யார் யாரோ 'அமிற்றிவில்' என்று தொடங்கும் மலிவுப் பேய்ப்படங்களை எடுத்துத் தள்ளினார்கள். பெயர் இலவசம். ஆனால் அந்த வீட்டில் பின்பு வாழ்ந்தவர்களுக்கு அது இலவசமாக இருக்கவில்லை. வேடிக்கை பார்க்க வருபவர்களின் தொல்லை தாங்காமல் வீட்டு இலக்கத்தை 112இலிருந்து 108 ஆக மாற்ற வேண்டியிருந்தது.

இதனால்தான் உங்கள் கேள்வியில் தலைப்பைவிட அந்த வீடு என்னைக் கூடுதலாக உறுத்தியது. வேறு நாட்டில் ஆளில்லாத வீடு என்றவுடன் பேய் வீடு என்று எடுக்கலாம். வன்னியில் ஆளில்லாத வீடு என்பது பெரும்பாலும் யாரோ இன்னும் திரும்பி வராத வீடு. சுவரில் குழந்தையின் உயரத்தைக் குறித்த கரிக்கோடுகள் இருக்கலாம். அதன்மேல் சிவப்புச் சாயத்தைத் தெளித்துக் கமெராவை ஓடவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் அந்தக் குடும்பத்தின் உறவாக இருக்கவும் கூடும்.

செய்ய வேண்டியவை இவை. காணி யாருடையது என்று முதலில் கிராம சேவையாளரிடம் கேளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வட்ஸ்அப்பில் கதையைச் சொல்லி, அவர் சம்மதத்தைக் குரற்பதிவாகவேனும் வாங்கி வையுங்கள். வளவு கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்பதை உறுதிப்படுத்தாமல் வேலிக்கு உள்ளே இரவில் கால் வைக்க வேண்டாம். பற்றைக்குள் விளக்கு வைக்க நல்ல இடம் கண்டேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். யானை வரும் பருவமானால் வெடி கொளுத்தும் காவற்காரர் ஒருவரைக் கூட வைத்திருங்கள். அவர் போடும் வெடிச் சத்தத்தையும் பதிந்துகொள்ளலாம், பேய்ப்படத்துக்கு அதைவிட நல்ல ஒலி காசுக்குக் கிடைக்காது. சம்மதம் கிடைக்காவிட்டால் அறுவடை முடிந்த வயலில் ஒரு காவற் கொட்டில், ஒரு அரிக்கன் லாம்பு, குளக்கட்டில் நடந்து வரும் ஒரு உருவம் போதும். ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே, ஏறத்தாழ 15,000 டொலரில், ஒரு வாரத்தில் 'பாராநோர்மல் அக்ரிவிற்றி' எடுத்தார். அதில் பயமுறுத்தியது பெரும்பாலும் அசையாத ஒரு கமெராவும் தானாக அசையும் ஒரு கதவுந்தான். கொட்டிலுக்குக் கதவு இல்லை என்பீர்கள். தட்டி இருக்கிறதே, காற்றில்லாத இரவில் அது ஒரு சாண் விலகினால் போதும்.